நன்முல்லை என்று தேடினால்

ஏனுங்க தம்பி, தப்பா நெனைக்கக்கூடாது. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருக்கறங்காட்டி கண்ணு அங்க போயிருச்சு. இப்பப் போன்ல என்ன அடிச்சீங்க? ‘தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல பிரியாணி.’ அடிச்சதும் வரிசையா அத்தன கடை வந்துச்சு. நீங்க மொதல்ல இருந்ததத் தொட்டீங்க. அதுக்குக் கீழயும் ஒருத்தன் கடை போட்டு ஒக்காந்திருக்கறானே, அவன ஏன் தொடல?

பாத்தீங்களா, சிரிக்கறீங்க. யாரும் தொடமாட்டாங்க தம்பி. நானும் தொடமாட்டேன். ஊரு ஒலகமே மொதல்ல இருக்கறதத்தான் தொடும். கீழ போகப் போக ஈ காக்கா எட்டிப் பாக்காது. அந்த மொதல் எடத்துக்கு ஒருத்தரக் கொண்டு போயி ஒக்கார வெக்கறதுதானுங்க என்ற பொழப்பு.

நமக்குக் காங்கேயம். கம்ப்யூட்டர் தங்கமுத்துன்னு கேட்டா யாரும் காட்டுவாங்க. மொதல்ல கல்யாணப் பத்திரிக, காதுகுத்து நோட்டீசு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிச்சுக் குடுத்துட்டு இருந்தனுங்க. அப்பறம் வெப்சைட்டு காலம் வந்துச்சு. எங்கூர்ல அரிசி மில்லும் எண்ண மில்லும் நெறைய. ஆளாளுக்கு ஒரு வெப்சைட்டு வேணும்னாங்க. வெப்சைட்டு யாரு வேணாலும் போட்டுரலாம் தம்பி. தேடறவன் கண்ணுல படோணுமல்ல? அங்கதான் கீவேர்டு வருது.

கீவேர்டுன்னா பெரிய வித்தையெல்லாம் கெடையாது. தேடறவன் வாயில என்ன வார்த்தை இருக்குதோ, அத நம்ம வெப்சைட்டுப் பக்கத்துல எழுதி வெக்கோணும். அவ்வளவுதான். நம்ம வாயில இருக்கற வார்த்தைய எழுதுனா ஒருத்தனும் வரமாட்டான். ஒரு அரிசி மில்லுக்காரரு எங்கிட்ட வந்து, ‘தரத்தின் சிகரம், நம்பிக்கையின் உறைவிடம்’னு மேல போடச் சொன்னாருங்க. ஏனுங்க, எந்தப் பொம்பள ராத்திரி மாவாட்டி வெச்சுப்போட்டு ‘நம்பிக்கையின் உறைவிடம்’னு தேடுவா? ‘இட்லி கல்லு மாதிரி வருது, என்ன அரிசி போடறது’ன்னுதான் தேடுவா. அதத் தலைப்புல போட்டேன். மொத வரியிலயும் ஒருக்கா போட்டேன். அரிசி மூட்ட போட்டோவுக்கும் அதே பேர வெச்சேன். அடுத்த மாசம் மில்லுக்காரருக்குப் போன் எடுத்து மாளல.

திணிக்கவும் கூடாதுங்க. எண்ண மில்லுக்காரரு ஒருத்தரு, வரிக்கு வரி ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’னு போட்டே ஆகோணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. அப்பிடிப் போட்டா அது படிக்கற மனுசனுக்கு எழுதுனதில்ல, மெசினுக்கு எழுதுனதுன்னு அந்த மெசினுக்கே தெரிஞ்சு போயிரும். கீழ தள்ளிப்போடும். தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அவிய அவியளுக்கு அவிய எழுதறதுதான் அழகு. அடுத்தவன் அதப் படிச்சா என்ன தோணும்னு நெனைக்கறதே இல்ல.

அந்த எண்ண மில்லுப் பக்கத்தச் சரி பண்ணுனது நானில்லீங்க. என்ற மக.

நன்முல்லை. பேரு நல்லா இருக்குதுங்களா? நான்தான் வெச்சேன். அவ பொறந்தப்ப எங்கூரு தமிழ் வாத்தியாரத் தேடிப் போயி, யாரும் வெக்காத பேரா வேணும்னு கேட்டு வாங்குனது. தமிழ்நாடு பூரா சலிச்சாலும் ரெண்டாவது ஆளு கெடையாதுங்க. அம்மணி காலேஜ் முடிச்சுட்டு ஆபீசுல என்ற பக்கத்துச் சேர்லதான் ஒக்காருவா. அவளுக்கு இருந்த கையி எனக்கே கெடையாது. எண்ண மில்லுப் பக்கத்துக்கு என்ன தலைப்பு வெச்சா தெரியுங்களா? ‘தலை சீவறப்பக் கையோட வர்ற முடி’. எண்ணைங்கற வார்த்தையே தலைப்புல இல்ல! மில்லுக்காரரு குதிச்சாரு. ஒரு வாரத்துல மேல வந்துருச்சு.

‘எப்பிடி கண்ணு இது?’ன்னு கேட்டேன். ‘அப்பா, சாமான் வேணும்னு யாரும் தேடறதில்லீங்கப்பா. மனசுல என்ன கஷ்டமோ அதத்தான் அடிக்கறாங்க. கஷ்டத்துக்குப் பக்கத்துல போயி நின்னாப் போதும்’னா. அப்பறம் ஒவ்வொரு பக்கத்தையும் ‘இன்னாருக்கு’ன்னுதான் ஆரம்பிப்பா. முடி கொட்டுதேன்னு கண்ணாடி பாக்கற அக்காவுக்கு. மாவு பொங்கலையேன்னு முழிக்கற புதுப்பொண்ணுக்கு. இப்பிடி. யாரும் சொல்லிக் குடுக்கலீங்க, அதுவா வந்துச்சு அவளுக்கு.

நல்லாப் போயிட்டு இருந்துச்சு. நல்ல எடம் ஒண்ணு வந்துச்சு. சொன்னனே அந்த அரிசி மில்லு, அவிய ஊடுதான். ஒரே பையன். எனக்கு இருக்கறதுலயே பெரிய பார்ட்டி அவியதான். அம்மணி வேண்டாம்னு சொன்னா. ‘எனக்கு மில்லெல்லாம் வேண்டாங்கப்பா. நான் பாடஞ் சொல்லிக் குடுக்கப் போறேன். கணக்கு வராத கொழந்தைங்களா எடுத்து வெச்சு ஒரு டியூசன் சென்டர் நடத்தோணும்’னா. சிரிச்சுட்டேன். பொட்டப் புள்ளைங்க கல்யாணத்துக்கு முந்தி என்னென்னமோ சொல்லும். எல்லாத்தையும் காதுல வாங்கிட்டிருந்தா ஆவுமா?

உப்புச்சக்கர மாத்தறதுன்னு எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுங்க. ரெண்டு ஊட்டுக்காரரும் உப்பையும் சக்கரையையும் மாத்திக்கிட்டாப் பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பறம் மாத்திப் பேசக்கூடாது. அன்னைக்குக் காத்தால ஒறம்பற, சொந்தபந்தம் எல்லாம் வந்து எறங்குது. வாசல்ல பந்தல் போட்டாச்சு. அம்மணி ரூம்ல இல்ல. ஒரு துணிப்பையும் அவ சர்ட்டிபிகேட்டும் இல்ல. நகை போட்டது போட்டபடி கட்டலு மேல இருக்குது. மாப்ள ஊட்டுக்காரங்க கொண்டாந்த சக்கரத் தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போனாங்க தம்பி. வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தேன். ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாக்க முடியல.

ஆளு கீளு எதுவும் இல்லீங்க. அத மட்டும் நீங்க நம்போணும். அவ கூடப் படிச்ச புள்ளைங்கள விசாரிச்சுப்போட்டேன், அவ உட்டுட்டுப் போன போனையும் நோண்டிப் பாத்துட்டேன். ஒருத்தனும் கெடையாது. தனியாத்தான் போயிருக்கறா. என்ற மகளப் பத்தி எனக்குத் தெரியாதா? சொக்கத் தங்கம்.

போலீசா? போலீசுக்குப் போனா நாலு பேருக்குத் தெரிஞ்சு அசிங்கமாப் போயிருமேன்னு மயிலாத்தா அழுதா. மயிலாத்தா என்ற சம்சாரம். சரி, நமக்குத்தான் தொழில் கையில இருக்குதேன்னு நானே ஒரு பக்கம் போட்டேன். அம்மணி எங்கயோ ஒரு ஊர்ல, ஏதோ ஒரு ஹாஸ்டல்ல, ஒரு நாளாச்சும் தன்ற பேர அடிச்சுப் பாப்பால்ல? எல்லாரும் பாப்பாங்க. நீங்க பாத்ததில்லீங்களா? பாத்திருப்பீங்க. அப்ப மேல அப்பன் நிக்கோணும். கதவத் தொறந்து போட்டுட்டு வாசப்படியில ஒக்காந்திருக்கற மாதிரி. அதுதான் நெனப்பு.

மொதல்ல என்ன எழுதுனேன் தெரியுங்களா? ‘கண்ணு நன்முல்லை, அப்பா கோவிச்சுக்கல, ஊட்டுக்கு வா சாமி’. எழுதறப்பவே கண்ணுல தண்ணி. ஒருத்தன் வரல தம்பி அந்தப் பக்கத்துக்கு. எங்கயோ கடைசியில கெடந்துச்சு. கடைசியில கெடக்கறதும் பாழுங் கெணத்துல கெடக்கறதும் ஒண்ணுதான். யாராச்சும் தேடி வந்து தொட்டாத்தான அது மேல ஏறும்?

ஒருத்தரும் தொடாட்டியும், எந்தெந்த வார்த்தைய அடிச்சாங்கன்னா நம்ம பக்கம் வரிசையில வருதுன்னு கம்ப்யூட்டர்லயே காட்டுமுங்க. தெனமும் அதத் தொறந்து பாக்கறது தொழில் பழக்கம். தொறந்து பாத்தா, ஊர்க்காரங்க என்ன தேடியிருக்கறாங்க? ‘நன்முல்லை காங்கேயம் ஓடிப்போன பொண்ணு’. ‘நன்முல்லை யார் கூட’. ‘தங்கமுத்து மக கள்ளக்காதல்’. பெத்தவன் கண்ணால அதப் படிக்கறதுன்னா எப்பிடி இருக்கும்? கம்ப்யூட்டர அமத்திப்போட்டேன்.

அப்பறம் யோசிச்சேன். சாமி, இதுதான கீவேர்டு. தேடறவன் வாயில இருக்கற வார்த்தை இதுதான். வருசக்கணக்கா ஊருக்கெல்லாம் இதத்தான சொல்லிக் குடுத்தேன், உங்க வார்த்தைய எழுதாதீங்க, தேடறவன் வார்த்தைய எழுதுங்கன்னு? என்ற மகளுக்குன்னு வந்தா மட்டும் தொழில மறந்துருவனா? மாத்திப்போட்டேன். தலைப்பு, ‘காங்கேயம் நன்முல்லை யார் கூட ஓடிப்போனார்?’ அதுக்குக் கீழ போட்டோ. போட்டோவுக்கும் அதே பேரு. கீழ ஒரு பத்தி, காதலா, கள்ளக்காதலா, ஊரே பேசுதுன்னு. கடைசியில சின்னதா, தகவல் தெரிஞ்சவங்க கூப்புடுங்கன்னு என்ற நெம்பரு.

ஏன் தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? பொய்யில்லீங்க அது. கீவேர்டு. அரிசி மில்லுக்காரருக்கு ‘இட்லி கல்லு மாதிரி வருது’ன்னு போட்டனே, அவரு அரிசியில கல்லு மாதிரி இட்லி வருதுன்னா அர்த்தம்? ஆளக் கூட்டியார்றதுக்கு வாசல்ல கட்டற தோரணம்ங்க அது. உள்ள வந்து படிச்சா உண்மை தெரிஞ்சுட்டுப் போகுது.

உள்ள உண்மை எழுதியிருந்தனான்னு கேக்கறீங்களா? எழுதலாம்னுதான் இருந்தேன். தனியாத்தான் போனா, பாடஞ் சொல்லிக் குடுக்கோணும்னு ஆசப்பட்டுப் போனான்னு ரெண்டு வரி எழுதிப் பாத்தேன். அத யாரு தேடறா? அந்த வரி சும்மா எடத்த அடைச்சுட்டு நிக்குது. எடுத்துட்டேன்.

மேல வந்துருச்சு தம்பி! வாரம் திரும்பல, ‘நன்முல்லை’ன்னு வெறும் பேர அடிச்சாலே மொதல்ல நம்ம பக்கம். ஆபீசுல தனியா ஒக்காந்து அழுதேன். ஊட்டுக்குப் போயி மயிலாத்தாகிட்டக் காட்டுனேன், மொத எடம் பாருடின்னு. படிச்சா. உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டா. அன்னைக்கு எனக்குச் சோறு போடல. அவளுக்குத் தொழில் தெரியாதுங்க, பாவம். அதுக்கப்பறம் அந்தப் பக்கத்த அவ ஏறெடுத்துப் பாத்ததே கெடையாது.

பலன் இருந்துச்சான்னா, இருந்துச்சுங்க! பெருந்துறைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல இருந்து ஒரு அம்மா கூப்புட்டாங்க. ‘நன்முல்லைன்னு ஒரு டீச்சரு எங்ககிட்டச் சேந்திருக்கறாங்க, நெட்டுல பாத்தோம், உங்க பொண்ணுங்களா?’ன்னாங்க. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடிச்சுப் புடிச்சுப் போனேன். போறதுக்குள்ள அந்தம்மா அவள அனுப்பிப்போட்டாங்க. ‘பேரண்ட்ஸ் எல்லாம் பாத்துட்டுக் கேக்கறாங்க சார், எங்களுக்கு ஸ்கூல் பேரு முக்கியமல்ல’ன்னாங்க. அப்பறம் கோயமுத்தூர்ல ஒரு ஹாஸ்டல் வார்டன். அங்கயும் நான் போறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணியாச்சு. அப்பறம் மேட்டூர்ல ஒரு ஸ்கூலு. மூணு எடத்துலயும் பாருங்க, கண்டுபுடிச்சுக் குடுத்தது யாரு? நம்ம பக்கம். போலீசு கூட இந்த வேகத்துல கண்டுபுடிக்க மாட்டாங்க. என்ன, ஒவ்வொருக்காவும் சித்த முந்திப் போயிட்டா, அவ்வளவுதான். எங்க போனாலும் அங்க நிக்க முடியாம அடுத்த ஊருக்குப் போயிடறா. என்ன அவசரமோ, பாவம்.

மேட்டூருக்கப்பறம் அவளே கூப்புட்டா. ஆமாங்க, அம்மணியே. ‘அப்பா’ன்னா. அந்த ஒரு வார்த்தையக் கேட்டு எத்தன நாளாச்சு! ‘அப்பா, அந்தப் பக்கத்த எடுத்துருங்கப்பா’ன்னு அழுகறா. ‘எம் பேரத் தேடுனா நான் வரமாட்டீங்கறனுங்கப்பா. நீங்க எழுதுனதுதான் வருது’ன்னா.

ஆமா கண்ணு, மொத எடம்! பாத்துட்டியா சாமி, பாத்துட்டியான்னு நான் சந்தோசத்துல கத்திட்டேன். எந்த ஊர்ல இருக்கறே, அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னேன். அப்பறம் போனை வெச்சுட்டா. அந்த நெம்பரு மறுபடி வேலை செய்யல. ஊட்டு நெனப்பு வந்து அழுதிருக்கறா, வேறென்ன? கௌரவம் பாத்துட்டுச் சொல்லல. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க. உண்மைதான்.

எடுத்திருக்கலாமேங்கறீங்களா? நல்லாச் சொன்னீங்க. அவள எனக்குப் போன் பண்ண வெச்சதே அந்தப் பக்கம்தான? அத எடுத்துட்டா எனக்கும் அவளுக்கும் நடுவுல என்ன இருக்குது? ஒண்ணுமே இல்லீங்களே தம்பி. அவ துணி இருக்கற பீரோவ நான் தொறக்கறதில்ல. ஆபீசுல அந்தச் சேர்ல யாரையும் ஒக்கார விடறதில்ல. பொழுதோட ஊட்டுக்குப் போனா ஊடு ஊடாவே இல்லீங்க. அந்தப் பக்கத்தத் தொறந்து, இன்னைக்கு எத்தன பேரு வந்தாங்கன்னு பாத்தாத்தான் மனசு ஆறும். அதுல ஒருத்தி அம்மணியா இருப்பான்னு நெனச்சுக்குவேன்.

மயிலாத்தாவுக்கு அந்தத் துக்கம் எல்லாம் கெடையாதுங்க. சொன்னாச் சிரிப்பீங்க, மொதல்ல கொஞ்ச நாளு கெடையாக் கெடந்தா. அப்பறம் தர்மபுரியில இருக்கற அவ அக்கா ஊட்டுக்குப் போக ஆரம்பிச்சா. மாசத்துக்கு ஒருக்கா. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு டப்பா நெறைய எடுத்துட்டுப் போவா. எங்கூட்டுல கச்சாயம்னா உசுர உடறது அம்மணி ஒருத்திதான். இவ என்னடான்னா அக்காவுக்குக் கொண்டு போறா. அந்த அக்காவுக்கோ சக்கர வியாதி! போயிட்டு வர்றப்ப மூஞ்சி பளிச்சுன்னு இருக்கும். பாட்டு கூட முணுமுணுப்பா. பெத்த புள்ளையத் தொலைச்சுப்போட்டு எப்பிடித்தான் ஒரு பொம்பளைக்குப் பாட்டு வருதோ. எனக்கு வயிறு எரியும். கேட்டதில்ல. கேட்டா அழுதுருவாளோன்னு உட்டுட்டேன்.

ஆடி நோம்பிக்குப் போனவ இன்னும் வரலீங்க. போன் பண்ணுனா, அக்காவுக்கு ஒடம்பு சரியில்லைங்கறா. நேத்துப் பேசறப்பப் பின்னால ஒரே கொழந்தைங்க சத்தம். ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதுங்க, கோரசா. அவ அக்காவுக்குக் கொழந்தையே கெடையாதுங்க. பக்கத்துல ஏதோ ஸ்கூலு இருக்குமாட்ட இருக்குது. நானே வந்து உன்னயக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன். அதுக்குச் சொல்றா, ‘வாங்க. வர வேண்டாங்கல. ஆனா அந்தப் பக்கத்த எடுத்துப்போட்டு வாங்க. எடுக்காட்டி பஸ் ஏறாதீங்க’ங்கறா. இத்தன வருசக் குடித்தனத்துல எங்கிட்ட அப்பிடிப் பேசுனதே கெடையாது. அவளக் கூட்டிட்டு வர்றதுக்கும் இந்தப் பக்கத்துக்கும் என்னங்க சம்பந்தம்?

எடுக்கறது ஒரு நிமிச வேலை. இதா, இந்தப் போன்லயே பண்ணலாம். இந்த எடத்துல தொட்டாப் போதும், பக்கமே இல்லாமப் போயிரும். காத்தால ஈரோட்டுல ஒருக்கா விரலக் கொண்டு போனேன். முடியல தம்பி. ஒருவேளை நான் எடுக்கற அந்த நிமிசத்துல அம்மணி தேடுனான்னா? அப்பன் வாசக் கதவச் சாத்திட்டான்னு நெனைக்க மாட்டாளா? எடுக்காமலே பஸ் ஏறிட்டேன். போயி நேர்ல சமாதானம் சொல்லிக்கலாம்.

இப்ப அத விடப் பெரிய தொந்தரவு ஒண்ணு வந்திருக்குதுங்க. சொன்னா நம்பமாட்டீங்க. போன வாரம் பாக்கறேன், ‘நன்முல்லை’ன்னு அடிச்சா நம்ம பக்கம் ரெண்டாவதா வருது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மொதல்ல இருக்கறது என்னன்னு பாத்தா, ‘நன்முல்லை கணக்கு டியூசன், தர்மபுரி’. யாரோ இன்னொரு நன்முல்லை பாருங்க! எங்க வாத்தியாரு எனக்கு மட்டும்னு குடுத்த பேர வேற யாருக்கோவும் குடுத்திருக்கறாரு.

தொறந்து படிச்சேன். தொழில்ல எதிராளி என்ன எழுதியிருக்கறான்னு பாக்கோணுமல்ல? பொய் சொல்லக் கூடாது, நல்ல கையிங்க. அத்தன டியூசன் சென்டரும் ‘சிறந்த ஆசிரியர்கள், நூறு சதவீதத் தேர்ச்சி’ன்னுதான் போடுவாங்க. இதுல தலைப்பே, ‘கணக்கு நோட்டத் தொறந்தாலே அழுகற கொழந்தைக்கு’. அடுத்தது, ‘பரீட்சைன்னா வயித்து வலி வர்ற கொழந்தைக்கு’. அதுக்குக் கீழ, ‘நம்ம புள்ள மக்கோன்னு மனசுக்குள்ள நெனச்சுத் தூங்காத அம்மாவுக்கு’. படிச்சுட்டு நானே மறுக்கா மேல போயி மொத வரியில இருந்து படிச்சேன். கஷ்டத்துக்குப் பக்கத்துல போயி நிக்குதுங்க எழுத்து. போட்டோவுல டீச்சரு மூஞ்சி இல்ல. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்னு எழுதிட்டு இருக்கறா. பின்னல் மட்டும் தெரியுது. அந்தப் பின்னலப் பாத்ததும் எனக்கு என்னமோ பண்ணுச்சு. யாரு பெத்த புள்ளையோ.

என்னங்க தம்பி? ஆமா, அதே பேருதான். ஆமா, தர்மபுரிதான். சே சே, நீங்க வேற. எம் மக ஒளிஞ்சு திரியறவ. ஊரு வாய்க்குப் பயந்து ஊரு ஊரா ஓடறவ. அவ எப்பிடிங்க தன்ற பேரையே போர்டுல எழுதி நடுரோட்டுல மாட்டிக்கிட்டு நிப்பா? அதுக்கெல்லாம் எத்தன தைரியம் வேணும்? அவ எங்கயோ கண்ணக் கசக்கிக்கிட்டு, அப்பன நெனச்சுட்டுத்தான் இருப்பா. நான் பெத்தவன், எனக்குத் தெரியாதா?

சொல்லப் போனா எனக்கு வருத்தம் என்னன்னா, எங்க அம்மணி மட்டும் பக்கத்துச் சேர்ல இருந்திருந்தா, இந்த டியூசன் பக்கத்த ரெண்டே நாளுல கீழ எறக்கியிருப்பா. ஒத்த ஆளா என்னால ஆவுல. நானும் வார்த்தைய மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். ஓடிப்போனது, கள்ளக்காதலு, எல்லாத்தையும் திருப்பிப் புதுசா எழுதிப் பாத்துட்டேன். ஏற மாட்டீங்குது. அந்தக் கொழந்தைங்களப் பெத்த அம்மாமாருங்க எல்லாம் அந்தப் பக்கத்தத்தான் போயித் தொடறாங்களாட்ட இருக்குது. ஜனங்க எதத் தொடறாங்களோ அதுதான மேல நிக்கும்?

அதனால எங்க போனாலும், யாரப் பாத்தாலும், ஒரு ஒதவி கேக்கறனுங்க. சேலம் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரருகிட்டக் கேட்டேன், கண்டக்டர்கிட்டக் கேட்டேன். பண்ணுனாங்க. உங்ககிட்டவும் கேக்கறேன். வயசுப் புள்ளைங்களுக்கு இது ஒரு பெரிய வேலையில்ல. ஓமலூர் தாண்டியாச்சு, இன்னும் சித்த நேரத்துல தொப்பூர் கணவாய் வந்துரும். உள்ள போயிட்டா டவர் கெடைக்காது. அதுக்கு முந்தி உங்க போன எடுங்க சாமி. பேர அடிங்க. நன்முல்லை. வந்துச்சுங்களா?

பஸ்ஸு ஆடுதல்ல, போனக் கெட்டியாப் புடிங்க. மெதுவா. மேல ஒரு கரும்பலகை தெரியுதல்ல, அது அந்த டியூசன். அதுக்குக் கீழ இருக்கறதுதான் என்ற மக. கீழ இருக்கறதத் தொடுங்க தம்பி. மேல இருக்கறதத் தொட்டுறாதீங்க.